காய்ச்சல் கடிதமும் ஒரு கோல் கீப்பரும்

கடந்த சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டு மணி அடித்தது. கதவைத் திறந்தால் என் மகன் சுதனின் வகுப்பாசிரியர் ஹெர் வெபர் நிற்கிறார். பக்கத்தில், அதே வகுப்பில் படிக்கும் கண்ணாடிக்காரப் பையன் ரெட்டோ. அவன் முழங்காலில் சேறு காய்ந்திருந்தது. கையில் ஒரு கடதாசிப் பை நிறைய அப்பிள். கூடவே ஒரு அட்டை. அதில் வகுப்பில் உள்ள எல்லோருடைய கையெழுத்தும் இருந்தது.

"சுதனுக்குக் காய்ச்சல் எப்படி இருக்கிறது?" என்று கேட்டார் ஆசிரியர்.

காய்ச்சலா? அவன் அந்த நேரம் பேர்ண் நகரிலிருந்து எங்கள் யாழ்ப்பாணத்து ஊர்க் கழகத்தின் வான் வண்டியில் திரும்பி வந்துகொண்டிருந்தான்!

இந்தச் சுவிஸ் நாட்டில் முன்கூட்டிச் சொல்லாமல் ஒருவர் இன்னொருவர் வீட்டுக்கு வருவதே அதிசயம். வில் நகருக்கு நாங்கள் வந்து நாலு வருஷம். இத்தனை காலத்தில் எங்கள் வாசலுக்கு வந்த சுவிஸ்காரர்கள் இரண்டே இரண்டு பேர். ஒருவர் மீற்றர் பார்க்க வந்தவர். மற்றவர், கட்டடத்துப் பொது மெஷினில் என்னுடைய முறை இல்லாத நாளில் நான் உடுப்புத் தோய்த்துவிட்டேன் என்று சண்டைக்கு வந்த கீழ்வீட்டுக்காரி. மூன்றாவதாக ஒருவர் அப்பிளோடு வந்திருக்கிறார்... நான் பொய்யோடு நிற்கிறேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

அதற்கு முந்திய புதன்கிழமை குணம் அண்ணை ரெலிபோன் எடுத்தார். இவர் எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தின் செயலாளர். ஊர்க் கழகம் என்றதும் ஊர்ப் பிள்ளைகள் விளையாடுவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சுவிஸில் எங்கள் ஊர்க்காரர் எத்தனை பேர்? அதில் பந்தை நேராக உதைக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? ஆகவே வேறு வேறு ஊர்க்காரரைப் பிடித்து, எங்கள் ஊர்ப் பெயர் போட்ட ஜேர்சியை மாட்டிவிட்டு, சனி ஞாயிறில் வானில் ஏற்றி நகரம் நகரமாகக் கொண்டு திரிகிறார்கள். வென்றால் ஊர் வென்றதாம்.

"தங்கச்சி, சனிக்கிழமை பேர்ணில மட்ச். எங்கட கீப்பருக்கு டாவோஸ் ஹோட்டல் குசினியில லீவு குடுக்கினம் இல்லை. சுதனை ஒருக்கா அனுப்பிவிடுங்கோ."

"அண்ணை, அண்டைக்கு அவனுக்குப் பள்ளிக்கூட மட்ச் எல்லோ. எல்லாப் பள்ளிக்கூடமும் வருகுது. அவன்தான் வகுப்புக்குக் கீப்பர்."

"அது சின்னப்பிள்ளையளின்ர விளையாட்டு. இது பெரிய கழகங்கள் வாற போட்டி. ஊர் மானம் கிடக்கு."

நான் பதில் சொல்வதற்குள் என் கணவர் ரிசீவரை வாங்கினார். "ஓம் அண்ணை, அவன் வருவான்" என்று சொல்லி வைத்தும்விட்டார்.

நான் கத்தினேன். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும், எனக்குக் கோபம் மூக்கு நுனியில். இவர் ஒன்றுக்கும் அசையவில்லை. "வந்த புதுசில எங்களுக்கு ஃபோர்ம் நிரப்பித் தந்தது ஆர்? நான் போட்டிருக்கிற குளிர்க் கோட் ஆர் தந்தது? குணம் அண்ணை எல்லோ. எப்பிடி இல்லையெண்டு சொல்லுறது?" என்றார். அப்பா போட்டிருக்கும் கோட்டுக்குப் பிள்ளை ஏன் விளையாட வேண்டும்?

சனிக்கிழமை காலையில் இங்கே பள்ளிக்கூடம் உண்டு. போகாவிட்டால் கடிதம் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் டொச், அதாவது ஜெர்மன் மொழி எழுதத் தெரிந்தவள் நான். ஆகவே எழுதியதும் நான்தான். என்ன எழுதினேன்? யாழ்ப்பாணத்தில் படித்தவர் எவருக்கும் அது மனப்பாடம். "காய்ச்சல் காரணமாக."

கல்யாண வீட்டுக்குப் போனால் காய்ச்சல். தேர்த் திருவிழாவுக்குப் போனால் காய்ச்சல். மாமா கொழும்பிலிருந்து வந்தால் காய்ச்சல். எங்கள் ரீச்சர்மார் அந்தக் கடிதத்தை வாசிக்கக்கூட மாட்டார்கள். அது ஒரு மரியாதை, அவ்வளவுதான். எவரும் நம்புவதில்லை, எவரும் கேட்பதுமில்லை. ஆனால் இங்கே காய்ச்சல் என்று எழுதினால் காய்ச்சல் என்றே நம்புகிறார்கள் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

சுதன் ஒன்றே ஒன்று சொன்னான். "அம்மா, நான் இல்லாட்டி ரெட்டோதான் கோலுக்கு நிக்கோணும். அவனுக்குப் பந்து கிட்ட வந்தாத்தான் தெரியும்." சொல்லிவிட்டுச் சப்பாத்தைப் பையில் வைத்தான்.

சரி, வாசலில் நின்றவர்களுக்கு வருகிறேன். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். தேத்தண்ணி போட்டேன். "படுத்திருக்கிறான்" என்று சொல்ல நா எழவில்லை. உண்மையைச் சொல்லவும் எழவில்லை. நல்லவேளை, ரெட்டோ பேசிக்கொண்டே இருந்தான். அவன்தான் கோலுக்கு நின்றானாம். முதல் மட்சில் ஏழு கோல் உள்ளே போனதாம். இரண்டு பந்தை முகத்தாலேயே தடுத்தானாம். கண்ணாடிச் சட்டத்தில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. அதையும் சிரித்துக்கொண்டு காட்டினான். சுதனுக்கு நேரில் சொல்ல வேண்டும் என்று வந்திருக்கிறான், பிள்ளை.

ஆசிரியர் இன்னொரு விஷயமும் வைத்திருந்தார். அடுத்த வருஷம் பள்ளி முடிகிறது. லேர்ஸ்டெல்ல, அதாவது தொழில் பழகும் இடம் கிடைத்தால்தான் இங்கே ஒரு பிள்ளைக்கு வாழ்க்கை. சொந்த நாட்டுப் பிள்ளைகளுக்கே அது லேசில்லை. அகதி பெர்மிட்டோடு நிற்கும் எங்கள் பிள்ளைக்கு யார் கொடுப்பார்கள்?

"இங்கே உள்ள மெஷின் தொழிற்சாலைப் போர்மனோடு திங்கட்கிழமை பேசப் போகிறேன். சுதன் நம்பகமான பையன் என்று சொல்வேன்" என்றார் ஹெர் வெபர்.

அந்த நேரம் பார்த்துக் கீழே வான் ஹோர்ன் அடித்தது.

சுதன் உள்ளே வந்தான். முகம் வெயிலில் கறுத்துப் போயிருந்தது. ஜேர்சி மட்டும் தோய்த்து மடித்த மாதிரி இருந்தது. ஏன் தெரியுமா? டாவோஸ் கீப்பருக்குக் கடைசியில் லீவு கிடைத்து, ரயிலேறி வந்துவிட்டாராம். பிள்ளை காலையிலிருந்து மாலை வரை மைதானத்து ஓரத்தில் வாங்குப் பலகையில் குந்தியிருந்திருக்கிறான். ஒரு நிமிஷம்கூட இறக்கவில்லை. கழகம் இரண்டாவது மட்சிலேயே தோற்றுப்போனது வேறு கதை.

மேசையில் அப்பிள். நாற்காலியில் ஆசிரியர். "டொக்டரிடம் போய் வருகிறான்" என்று சொல்ல நான் வாயெடுத்தேன். ஓம், வெட்கமில்லாமல் சொல்கிறேன், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத்தான் பார்த்தேன். பிள்ளை முந்திக்கொண்டான்.

"எனக்குக் காய்ச்சல் இல்லை. வேறு அணிக்கு விளையாடப் போனேன்" என்றான், அவர்களுடைய சுவிஸ் டொச்சிலேயே. சப்பாத்துப் பையைக் கீழே வைத்துவிட்டு, "விளையாடவும் இல்லை" என்றான்.

"கடிதம் எழுதியது நான்" என்றேன். வேறு என்ன சொல்ல?

ஹெர் வெபர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுதனைப் பார்த்து, "இதைத் திங்கட்கிழமை வகுப்புக்குச் சொல்" என்றார். என்னைப் பார்த்து, "தொழிற்சாலையில் இப்போது நான் பேச முடியாது. கொஞ்சக் காலம் போகட்டும்" என்றார். அப்பிளை எடுத்துக்கொண்டு போகவில்லை. கதவடியில் ரெட்டோ திரும்பி, "புதன்கிழமை பயிற்சிக்கு வருவாய்தானே?" என்று சுதனிடம் கேட்டான்.

அன்று எனக்கு யார்மீது கோபம் வரவில்லை? குணம் அண்ணைமீது, என் கணவர்மீது, அந்தக் கோட்டின்மீது. எல்லோரையும்விட என்மீது.

அது என்ன சின்னப்பிள்ளை விளையாட்டு? ஊரூராகப் போய் நல்ல ஆட்களைப் பொறுக்கி எடுத்து வெல்வதில் என்ன கெட்டித்தனம் இருக்கிறது? பொறுக்கத் தெரிந்தால் போதும். பள்ளிக்கூட அணியில் பொறுக்க முடியாது. வகுப்பில் யார் இருக்கிறார்களோ அவர்கள்தான் அணி. ஓடத் தெரியாதவன், பயந்தவன், கண் தெரியாதவன் எல்லோரையும் வைத்துக்கொண்டு விளையாட வேண்டும். ஏழு கோல் விட்டவனோடு திங்கட்கிழமை அதே வாங்கில் உட்கார வேண்டும். நாளைக்கு இதே தெருவில்தான் இந்தப் பிள்ளைகள் வேலைக்குப் போவார்கள், ஒருவரையொருவர் காண்பார்கள். கழகத்து வானுக்குள் என் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் அவனுடைய பெயரையாவது கேட்டார்களா? கேட்டேன். "தம்பி எண்டுதான் கூப்பிட்டவை" என்றான்.

கழகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாரம் முழுக்க ஹோட்டலில் கோப்பை கழுவுகிற இளந்தாரிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை நாலு தமிழ் முகத்தைப் பார்ப்பது பெரிய ஆறுதல். பெரியவர்கள் போகட்டும், விளையாடட்டும், வேண்டுமென்றால் சண்டையும் பிடிக்கட்டும். பள்ளிக்கூடப் பிள்ளையை ஏன் இழுக்கிறீர்கள்? அவனுக்கென்று இந்த நாட்டில் பதினைந்து இருபது பேர் சேர்ந்து ஒரு இடம் வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் வாங்கில் குந்த வைப்பதா ஊர் மானம்?

திங்கட்கிழமை சுதன் வகுப்புக்கு முன்னால் எழுந்து நின்று சொன்னான். யாரோ ஒரு பிள்ளை, "அப்போ எங்கள் அப்பிளைத் திருப்பித் தா" என்றதாம். மற்றவர்கள் சிரிக்கவில்லையாம். புதன்கிழமை பயிற்சிக்குப் போனான். கோலுக்கு இப்போது ரெட்டோதான். சுதனைப் பின்வரிசையில் விட்டிருக்கிறார்கள். தொழிற்சாலை விஷயமாக ஹெர் வெபர் இந்தக் கணம் வரை ஒன்றும் சொல்லவில்லை. பேசுவாரா, மாட்டாரா என்று எனக்குத் தெரியாது. நித்திரையும் இல்லை.

அந்தப் புதன்கிழமை மாலையே குணம் அண்ணை மறுபடி ரெலிபோன் எடுத்தார். சனிக்கிழமை லவுசான் நகரில் மட்சாம். டாவோஸ் கீப்பரை நம்ப ஏலாதாம். இந்த முறை சுதனை நிச்சயம் இறக்குவார்களாம். என் கணவர் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். சுதனே வந்து வாங்கினான்.

"மாமா, நான் வராட்டி நீங்கள் வேற ஆளைப் பிடிப்பியள். இங்க நான் வராட்டி, ஏன் வரேல்லை எண்டு பாக்க வீட்டுக்கு வருவினம். நான் வரேல்லை மாமா."

வியாழக்கிழமை காலைக்குள் கழகம் வேறு கீப்பரைப் பிடித்துவிட்டது.