மலை லைனில் வந்த ஜெபம்

சாலை மறியலின் மூன்றாம் நாள். கள்ளக்குறிச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், வெளியூர் கால்களை இணைக்கும் டிரங்க் போர்டில் நான் ஒருத்திதான் இருந்தேன். இடஒதுக்கீடு கேட்டு நடந்த போராட்டம் அது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். எந்தப் பக்கமும் பஸ் இல்லை. அடுத்த ஷிப்ட் பார்க்க வேண்டிய பெண் திருநாவலூரில் மாட்டிக்கொண்டாள். என் வீடு மட்டும் நடக்கிற தூரம்.

"நீயே போர்டைப் பாத்துக்கினு இரும்மா. ஆளே இல்லன்னா நான் இன்னா பண்றது?" என்றார் சூப்பர்வைசர் கோவிந்தன் சார்.

இன்றைய பிள்ளைகளுக்கு அந்த வேலை தெரியாது. ஒரு ஊரிலிருந்து கால் வந்தால் போர்டில் விளக்கு எரியும். கார்டு என்கிற வயரைச் செருகி, கேட்ட நம்பரோடு இணைப்போம். லைன் மோசமாக இருந்து இரண்டு பக்கமும் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காவிட்டால், நடுவில் இருக்கும் ஆபரேட்டர் இந்தப் பக்கம் கேட்டதை அந்தப் பக்கம் சொல்ல வேண்டும். ரிலே என்போம். வேலையில் சேர்ந்த முதல் நாளே கோவிந்தன் சார் சொன்னார்: "சொன்னதை அப்படியே சொல்லணும். ஒரு வார்த்தை கூட்டக் கூடாது, கொறைக்கக் கூடாது."

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதற்கு ஆறு மாதம் முன்பு என் இரண்டு வயது மகன் காய்ச்சலில் இறந்துபோனான். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போவேன், உட்காருவேன், எழுந்து வருவேன். ஜெபத்துக்கு வாய் திறக்காது. போதகரிடம்கூட இதைச் சொல்லவில்லை.

அன்று மதியம் கல்வராயன் மலை லைனின் விளக்கு எரிந்தது. மரங்கள் விழுந்து பல லைன்கள் அறுந்திருந்தன. இது மட்டும் எப்படியோ தப்பியிருந்தது. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு பெண் குரல்.

"நர்ஸ் எஸ்தர் பேசுறேங்க. பெரியாஸ்பத்திரி டாக்டர் வேணும். அவசரம்."

மலையில் சின்ன டிஸ்பென்சரி ஒன்றில் அவர் நர்ஸ். சடையன் என்ற விவசாயி வெறும் உடம்போடு பூச்சிமருந்து அடித்துவிட்டு மயங்கி விழுந்திருக்கிறார். போன் இருப்பது தபால் ஆபீஸில். அதனால் அவரை அங்கேயே தூக்கி வந்து பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். கீழே கொண்டுவர வழியில்லை.

டாக்டரை இணைத்தேன். அவர் சொன்னது எஸ்தருக்குக் கேட்கவில்லை, எஸ்தர் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. எனக்கு மட்டும் இரண்டும் கேட்டன.

"நொரை தள்ளுது டாக்டர். கண்ணுப் பாப்பா ஊசிமுனை மாதிரி இருக்குது" என்று எஸ்தராகப் பேசினேன்.

"துணியைக் கழட்டி, சோப்பு போட்டுக் கழுவுங்க. அட்ரோபின் எத்தினி ஆம்பியூல் இருக்குது?" என்று டாக்டராகப் பேசினேன்.

அட்ரோபின் அந்த விஷத்தை முறிக்கும் ஊசிமருந்து; பதினாறு இருந்தன. பத்து நிமிடத்துக்கு இரண்டாக ஊசி போடச் சொன்னார். ஒவ்வொரு முறையும் கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும்; பாப்பா விரிந்து வாய் காய்ந்தால் மருந்து பிடிக்கிறது என்று அர்த்தம். மற்ற கால்களைக் கோவிந்தன் சார் தானே எடுத்துக்கொண்டார். "நீ அந்த லைனை வுட்டுடாத. கால் டைம் கணக்குப் பாக்காத" என்றார்.

கடைசி இரண்டும் போட்டாயிற்று. கண்ணில் மாற்றம் இல்லை. நுரையும் நிற்கவில்லை. டாக்டரிடம் சொன்னேன்.

"ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, வாயைத் தொடச்சுக்கினே இருக்கச் சொல்லுங்க. இனிமே நான் சொல்ல ஒண்ணுமில்ல."

அதை அப்படியே சொன்னேன். மறுமுனையில் சடையனின் மனைவி அழுவது கேட்டது. பிறகு எஸ்தர் ஏதோ பேச ஆரம்பித்தார். என்னிடம் பேசவில்லை.

"என்ன சொல்றாங்க?" என்றார் டாக்டர்.

"ஜெபம் பண்றாங்க, டாக்டர்."

போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் கிறிஸ்தவர் இல்லை.

"சொல்லுங்க. அதையும் சொல்லுங்க" என்றார்.

சொன்னேன்.

"ஆண்டவரே, மருந்து தீந்துபோச்சு. ரோடும் இல்ல. நீர் இங்க இருக்கீர்னு எனக்குத் தெரியும். இந்த மனுஷனை விட்டுடாதேயும். கீழ உக்காந்துக்கினு இருக்கிற டாக்டருக்குத் தைரியம் குடும்."

அதற்குப் பிறகு வந்த வரியில் என் குரல் நின்றுவிட்டது. கோவிந்தன் சார் திரும்பிப் பார்த்தார். குறைக்கக் கூடாது என்பது விதி.

"நடுவுல பேசுற அந்த அம்மா யாருன்னு எனக்குத் தெரியாது. அவங்க குரல் அழுத குரல் மாதிரி இருக்குது. அவங்களையும் தேற்றும்."

என் வாயாலேயே எனக்காக ஜெபித்தேன். என் பெயரோ முகமோ தெரியாத ஒருத்தி, உயிர் ஒன்று கைநழுவிக்கொண்டிருந்த நேரத்தில், இரைச்சல் நிறைந்த ஒரு லைனில் என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். கர்த்தர் அந்த அறையில் நிற்கிறார் என்று எனக்குப் பயமாகக்கூட இருந்தது. லைனில் கரகரவென்ற சத்தம் மட்டும்.

பிறகு எஸ்தரின் கத்தல். "நாக்கு காயுது! கண்ணுப் பாப்பா விரியுது!"

"நல்லாப் பாக்கச் சொல்லுங்க, நல்லா!" என்று டாக்டரும் கத்தினார்.

விரிந்துதான் இருந்தது. மரங்களை அகற்றியதும் ஜீப்பில் சடையனைக் கீழே கொண்டுவந்தார்கள். சில நாட்களில் தேறி மலைக்குத் திரும்பினார். டாக்டர் பிறகு என்னிடம், "மருந்து லேட்டா புடிச்சிருக்கலாம்மா. ஆனா நான் எழுந்து போக இருந்தேன். அந்தப் பேச்சுதான் என்னை உக்கார வெச்சுது" என்றார்.

எஸ்தரை நான் கடைசிவரை நேரில் பார்க்கவில்லை.

முப்பது வருடத்துக்குமேல் டெலிபோன் துறையில் இருந்தேன். துக்கத்தில் ஜெபம் வரவில்லை என்று சொல்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வராவிட்டால் பரவாயில்லை. ஜெபிக்கிற ஒருவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவர் சொல்வதைத் திரும்பச் சொல்லுங்கள். அதுவும் கேட்கப்படுகிறது.

சடையன் பிழைத்த அன்று சாயங்காலம், கோவிந்தன் சார் போர்டைப் பார்த்துக்கொள்ள, வீட்டுக்குப் போய் முழங்காலிட்டேன். சொந்தமாக ஒன்றும் வரவில்லை. எஸ்தரின் வார்த்தைகளையே சொன்னேன். மறுநாளும் அதையே. நான்காம் நாள் எனக்கென்று ஒரு வரி வந்தது. அதில் என் மகனின் பெயர் இருந்தது.