பின்பக்கமாக மலையேறிய கார்

ஜெயம்மாள் அந்த ஏலத்துக்குப் போனது அண்டா வாங்கத்தான்.

கள்ளக்குறிச்சியைச் சுற்றி நடக்கும் கல்யாணங்களில் பாதிக்கு அவள் கைச் சமையல். ஆனால் சொந்தமாக ஒரு பெரிய பாத்திரம்கூடக் கிடையாது. ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் வாடகைக் கடையில் போய் நிற்க வேண்டும். அங்கே ஓர் அண்டாவில் ஈயம் போயிருக்கும், இன்னொன்றுக்குக் காது ஒடிந்திருக்கும். எழுபத்தொன்பதாம் வருஷம், ரிஷிவந்தியம் சாலையில் இருந்த ஒரு அரிசி ஆலை முதலாளியின் பங்களாவில் சாமான்கள் ஏலம் போவதாகத் தண்டோரா போட்டார்கள். முதலாளி இறந்துவிட்டார், மகன்கள் மெட்ராஸோடு போய்விட்டார்கள். அந்த வீட்டில் செப்பு அண்டாக்கள் இருப்பது ஜெயம்மாளுக்குத் தெரியும். ஒருமுறை அங்கே வளைகாப்புக்குச் சமைத்திருந்தாள்.

கட்டில், பீரோ, கடிகாரமெல்லாம் காலையிலேயே போய்விட்டன. பாத்திரங்கள் கொல்லைப்புறக் கொட்டகையில் கிடந்தன. அவற்றுக்கு நடுவே, பழைய சாக்குகளைப் போர்த்திக்கொண்டு ஒரு கார் நின்றது. வெள்ளைக்காரன் காலத்து வண்டி. குடையை மடக்குவதுபோல் மேல்துணியை மடக்கிக்கொள்ளலாம். முன்னால் தவளைக் கண்போல் இரண்டு விளக்கு. கொட்டகையை ஒரேயடியாகக் காலி செய்துவிட வேண்டும் என்று மகன்கள் சொல்லியிருந்ததால், உள்ளே இருப்பதெல்லாம் சேர்த்து ஒரே ஏலம் என்றார் ஏலம் விடுபவர். ஜெயம்மாளுக்கு எரிச்சலாக வந்தது. அந்த வண்டியை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? ஆனாலும் அண்டாக்களை விட மனமில்லை. பழைய இரும்பு வாங்குகிறவர்கள் இரண்டு பேர் கொஞ்ச தூரம் கூடவே விலையை ஏற்றிக்கொண்டு வந்து, பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். மூன்று தரம் சொல்லி, ஜெயம்மாள் பேருக்கு மணி அடித்தாயிற்று.

அவள் புருஷன் ஆதிமூலம், கல்யாண வீடுகளில் அவளுக்குக் காய் நறுக்கித் தருகிறவர், அதிகம் பேசாத மனுஷர். காரைச் சுற்றி வந்து, இரும்புக்காரர்களுக்கே தள்ளிவிடலாமா என்று மெதுவாகக் கேட்டார். அப்போது பங்களாவின் காவல்காரர் காசிநாதன் வந்து அவர்கள் பக்கத்தில் நின்றார்.

"வண்டி ஓடும்மா," என்றார்.

முதலாளி உயிரோடு இருந்தபோது, வாரத்துக்கு ஒரு நாள் இஞ்சினைச் சுற்றிவிடச் சொல்லியிருந்தாராம். அவர் போன பிறகும் நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லை. அதனால் வெள்ளிக்கிழமை தவறாமல் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தாராம். ஆலைக் கணக்குப்பிள்ளையும் மாதாமாதம் பெட்ரோல் வாங்கித் தந்திருக்கிறார், எதற்கென்று கேட்டதில்லை.

"இதை ஏலத்துக்கு முன்னாடியே சொல்றதுக்கு இன்னாங்க?" என்றாள் ஜெயம்மாள்.

"என்னை யாருமே கேக்கலையே."

காசிநாதன் வண்டிக்கு முன்னால் இரும்புக் கைப்பிடியைச் செருகி ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவதில் வண்டி இருமிவிட்டு, உடம்பெல்லாம் குலுங்கப் பிடித்துக்கொண்டது. வாசலைத் தாண்டியிருந்த இரும்புக்காரர்கள் சத்தம் கேட்டுத் திரும்பி வந்தார்கள். கொடுத்ததற்கு இரண்டு மடங்கு தருவதாகச் சொன்னார்கள். ஜெயம்மாள் அதற்குள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். இறங்கவில்லை.

லாரிப் பட்டறை வைத்திருந்த உமர் பாரூக்கை ஆளனுப்பி வரவழைத்தார்கள். அவர் தங்கச்சி கல்யாணத்துக்கு ஜெயம்மாள்தான் சமைத்திருந்தாள். உமர் வண்டியை ஓட்ட, பின்சீட்டில் அண்டாக்களுக்கு நடுவே ஆளுயரக் கரண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஆதிமூலம் உட்கார்ந்திருந்தார். கடைவீதியில் வியாபாரத்தை விட்டுவிட்டு ஜனங்கள் வெளியே வந்து பார்த்தார்கள். ஆதிமூலத்துக்கு வெட்கம் தாங்கவில்லை. ஜெயம்மாள் தெரிந்தவர்களையெல்லாம் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தாள்.

ஒவ்வொரு கல்யாணத்துக்கும் உமரைக் கூப்பிட முடியுமா? ஆதிமூலம் ஒரு நாள் ஓட்டிப் பார்த்து, புளியமரத்துக்கு நாலு அடி முன்னால் நிறுத்திவிட்டு இறங்கியவர்தான், பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஆகவே ஜெயம்மாளே கற்றுக்கொண்டாள். சந்தை இல்லாத நாட்களில் சந்தை மைதானத்தில் உமர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு மாதம் சுற்றினாள். விழுப்புரம் போய் லைசென்ஸும் வாங்கி வந்தாள்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி ஒரு ஊரிலிருந்து அம்மாசி என்பவர் மகள் கல்யாணத்துக்குச் சமைக்க அழைத்தது எண்பத்திரண்டாம் வருஷம் தை மாதத்தில். அண்டாக்கள் முந்தின நாளே லாரியில் மேலே போய்விட்டன. மறுநாள் காலையில் மளிகைச் சாமான்களோடும், ஆதிமூலத்தோடும், கூட வேலை செய்யும் இரண்டு பெண்களோடும் ஜெயம்மாள் காரில் கிளம்பினாள். கச்சிராயபாளையம்வரை வண்டி ராஜா மாதிரி போனது. மலை ஏற ஆரம்பித்து மூன்றாவது வளைவில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. ஆதிமூலம் குதித்து இறங்கி, பின்சக்கரத்துக்குக் கல் வைத்தார். ஆட்களை இறக்கி விட்டுப் பார்த்தாள், மூட்டைகளை இறக்கிப் பார்த்தாள். வண்டி ஒரு முழம் ஏறும், நின்றுவிடும்.

திரும்பிப் போய்விடலாம் என்றார்கள் அந்தப் பெண்கள். மேலே இருநூறு பேர் சாப்பாட்டுக்குக் காத்திருக்கும்போது எப்படிப் போவது? மைதானத்தில் ஒருமுறை பள்ளத்தில் இறங்கிய வண்டி முன்னால் வர மறுத்து, ரிவர்ஸ் போட்டதும் சட்டென்று ஏறிவிட்டதும், ரிவர்ஸில்தான் இதற்கு இழுவை அதிகம் என்று உமர் சொன்னதும் அவளுக்கு ஞாபகம் வந்தது. வளைவில் இருந்த அகலத்தில் நாலைந்து தடவை முன்னும் பின்னும் போய் வண்டியைத் திருப்பினாள். இப்போது காரின் முகம் ஊரைப் பார்த்தது, முதுகு மலையைப் பார்த்தது. இறக்கியவர்களையும் மூட்டைகளையும் மறுபடி ஏற்றிக்கொண்டு, ரிவர்ஸ் போட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்தாள். வண்டி முனகிக்கொண்டே ஏறியது.

ஆதிமூலம் காரின் பக்கவாட்டுப் படியில் தொற்றிக்கொண்டு, "இடப்பக்கம் ஒடி ஜெயம்மா... போதும்... நேரா வா," என்று வழி சொன்னார். கல்யாணமான இருபது வருஷத்தில் அவர் அத்தனை பேச்சு ஒரே மூச்சில் பேசி அவள் கேட்டதில்லை.

மேலே ஊர் எல்லையில் காத்திருந்த அம்மாசி, காரின் பின்புறத்தைப் பார்த்துவிட்டு, கோபித்துக்கொண்டு திரும்பிப் போகிறார்களோ என்று ஓடி வந்தார்.

"இன்னாம்மா, வண்டி போவுதா வருதா?"

"வந்துகினுதான் கீறேன். அடுப்பு மூட்டியாச்சா?"

சாமைப் பொங்கலும் சாம்பாரும் நேரத்துக்கு இறங்கின. தாலி கட்டி முடிந்ததும், அந்த வண்டியில் ஏறாமல் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை என்று பெண் பிடிவாதமாக நின்றாள். ஜெயம்மாள் கையில் மஞ்சள் வாசனையோடு ஸ்டியரிங்கைப் பிடித்தாள். மாப்பிள்ளையும் பெண்ணும் பின்னால் உட்கார, மேளக்காரர்கள் முன்னால் நடக்க, ஊரை மூன்று முறை சுற்றி வந்தார்கள். பந்தியை ஆதிமூலம் பார்த்துக்கொண்டார். மோர் மட்டும் கொஞ்சம் உப்புக் கூடிப் போயிற்று. யாரும் குறை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மலையிலிருந்து அழைப்புகள் வரத் தொடங்கின. சமைக்கிற அம்மா கார் கொண்டு வருவார்களா என்றுதான் முதலில் கேட்பார்கள். ஒன்பது வருஷம் ஜெயம்மாள் அந்த மலையைப் பின்பக்கமாகவே ஏறினாள். திரும்பிப் பார்த்தே ஓட்டியதில் கழுத்து வலி வந்தது. தைலம் தேய்த்துக்கொண்டு மறுபடியும் ஏறினாள். கீழே கரும்பு வயல்களும் கோமுகி அணையும் சிறுத்துக்கொண்டே போவதை எதிரில் பார்த்தபடி ஏற வேறு எந்த வண்டியில் முடியும் என்று ஆதிமூலம் எல்லோரிடமும் சொல்வார். இப்போதெல்லாம் அவர் கொஞ்சம் பேசவும் செய்தார்.