பதினேழு மில்லிமீட்டர்

மலேசியாவின் கூலாய் நகரில் பிரவீனாவின் பைக் பட்டறைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் செம்பனை எண்ணெய்த் தோட்டத்து மண்பாதைகளில் பைக் ஓட்டுகிறவர்கள். ஆறு வருஷம் சிங்கப்பூரில் மெக்கானிக்காக இருந்துவிட்டு, முப்பத்து நான்கு வயதில் அவள் சொந்தமாகத் திறந்த இடம் அது. பின்பக்க சஸ்பென்ஷன் என்றால் தொலைவிலுள்ள பத்து பாகாட் ஊரிலிருந்துகூட அவளைத் தேடி வருவார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை ஹாரூன் தன் பைக்கை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஆயர் ஈத்தாமில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர்.

"பின்னாடி கல்லு மாதிரி இருக்கு, பிரவீனா. சின்ன வேர்ல ஏறினாலும் தூக்கி அடிக்குது லா. போன வருஷம் நீங்க செட் பண்ணப்போ நல்லாத்தானே இருந்துச்சு?"

பைக் ஓட்டுகிற முழு உடுப்போடு அவரை அதில் ஏறச் சொன்னாள். ஆள் உட்கார்ந்தால் பின்பக்கம் எவ்வளவு அமுங்குகிறது என்பதுதான் முதல் அளவு. போன வருஷம் நூற்று நான்கு மில்லிமீட்டர் என்று எழுதி வைத்திருந்தாள். இப்போது எண்பத்தேழு.

தப்பாக அளந்துவிட்டோமோ என்று மறுபடியும் அளந்தாள். எண்பத்தேழு. ஸ்பிரிங்கை யாராவது இறுக்கியிருப்பார்களோ? அவரை இறங்கச் சொல்லி, ஆளில்லாமல் வெறும் பைக் எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்தாள். முப்பத்தைந்து. போன வருஷமும் அதேதான். பைக்கில் எதுவும் மாறவில்லை.

அவள் மெல்ல நிமிர்ந்து ஹாரூனைப் பார்த்தாள். மார்புக் கவசம், முழங்கால் கவசம், தடித்த சட்டை. அதற்குள் ஆள் எப்படி இருக்கிறார் என்று தெரியவே இல்லை.

"பாய், அதெல்லாம் கழட்டிட்டு என்கூட வாங்க."

பக்கத்துப் பழைய இரும்புக் கடைத் தராசில் ஏற்றினாள். போன வருஷம் எண்பத்து நான்கு கிலோ. முள் எழுபத்தொன்றில் நின்றது.

"அலமாக்! தராசு கெட்டுப்போச்சா?"

அவளே ஏறிப் பார்த்தாள். சரியாகத்தான் காட்டியது.

"டயட் இருக்கீங்களா?"

"இல்லையே, நல்லாத்தான் சாப்பிடுறேன். தண்ணி தாகம்தான் தாங்க முடியல. சட்டை லூசா இருக்குன்னு வீட்டுக்காரி நஜ்வா சொல்லுச்சு, நான்தான் கேக்கல. பைக்குலதான் ஏதோ கோளாறுன்னு..."

அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"ஸ்பிரிங்க அப்புறம் பாக்கலாம். முதல்ல கிளினிக் போகணும், என் வேன்ல ஏறுங்க."

"கடைக்குப் போகணும்மா."

அவருடைய லாரிச் சாவியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். "ஏறுங்க பாய்!"

கிளினிக்கில் விரலில் குத்திப் பார்த்த டாக்டர் இன்னொரு விரலிலும் குத்தினார். பத்து மில்லிமோலுக்குள் இருக்க வேண்டிய சர்க்கரை இருபத்தொன்பது. "நீங்க எப்படி நடந்து வந்தீங்க?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் இந்த மனிதர் நெடுஞ்சாலையில் லாரி ஓட்டிவந்து பைக்கை இறக்கினார் என்று பிரவீனா நினைத்துக்கொண்டாள். உடனே நஜ்வாவுக்கு போன் செய்தாள்.

"பைக் ஆக்ஸிடெண்டா?" என்றுதான் நஜ்வா முதலில் அலறினார். விஷயத்தைச் சொன்னதும் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டுக் கிளம்பினார்.

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். நான்கு மாதம் கழித்து, டாக்டர் அனுமதித்த பிறகு, ஹாரூன் மனைவியோடு பட்டறைக்கு வந்தார். எழுபத்தாறு கிலோ. பிரவீனா ஸ்பிரிங்கைத் தளர்த்திப் புது அளவைச் சீட்டில் எழுதினாள்.

நஜ்வா அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். "மாசா மாசம் அளக்க முடியுமா, தங்கச்சி?"

"பைக்கையா, அவரையா?"

"ரெண்டையும்."