பல்கீஸ் ராத்தாவின் ஆறு நோன்பு

கிண்ணியாவில் ஒரு வீட்டுக்குள் பல்கீஸ் ராத்தா காலெடுத்து வைத்தால் முதலில் பாய் வரும், அடுத்து வெற்றிலைத் தட்டான வட்டா வரும், பிள்ளைத்தாச்சி மூன்றாவதாகத்தான் வருவாள். ராத்தா என்றால் அங்கே அக்கா. அரசாங்கம் அவளுக்குக் கொடுத்த பெயர் மருத்துவமாது. அந்தப் பெயரைச் சொல்லி அவளைத் தேடிப்போனவர்கள் வீடு கண்டுபிடிக்காமல் திரும்பியிருக்கிறார்கள்.

வெற்றிலை வாய்க்குள் போனால்தான் ராத்தாவுக்குக் காது திறக்கும் என்று பெண்கள் கேலி பண்ணுவார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. வாய் நிறைய வெற்றிலை வைத்திருக்கிற மனுசி இடையில் குறுக்கிட்டுப் பேசமாட்டாள். குறுக்கிட்டுப் பேசாத மனுசியிடம் யாரும் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள். எத்தனை மாதம் தப்பியிருக்கிறது, மாமி எந்தக் கறியை ஒளித்து வைக்கிறாள், புருசன் எந்தப் பக்கம் போய்வருகிறான், எல்லாம் அப்படித்தான் அவளிடம் வந்து சேரும். அவற்றில் முதலாவதை மட்டும் அவள் அரசாங்கத்துக்கு அறிவிப்பாள்.

அவள் இந்த வேலைக்கு வந்தது சந்தோசமான கதை அல்ல. சுதந்திரம் கிடைத்த கையோடு அவளுடைய மூத்த சகோதரி பிள்ளைப்பேற்றில் இறந்துபோனாள். ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றித் துறையைக் கடக்கிற, பாதை என்று சொல்கிற மிதவை அன்றைக்கு அக்கரையில் நின்றுவிட்டதால் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை. அதுவரை பெண்பிள்ளைகளை வாசல் தாண்ட விடாத வாப்பா, அதன்பிறகு பல்கீஸை மட்டக்களப்புக்கு மருத்துவமாதுப் படிப்புக்கு அனுப்பினார். ஊர் வாய்க்கு வந்தபடி பேசியது. பேசியவர்களுடைய பேரப்பிள்ளைகளையெல்லாம் பிறகு பல்கீஸ்தான் முதலில் கையில் ஏந்தினாள். அதைச் சொல்லிக்காட்டச் சந்தர்ப்பம் கிடைத்தால் அவள் விட்டதேயில்லை.

அந்தப் படிப்பு விடுதியில் அடுத்த கட்டிலில் படுத்தவள் நிலாவெளிப் புஸ்பராணி. இரண்டு பேருக்கும் முதல் கிழமையிலேயே சண்டை வந்தது, இரண்டாம் கிழமை சிநேகம் வந்தது. அதன்பிறகு இரண்டும் மாறிமாறி வந்துகொண்டிருந்தன. புஸ்பராணி கலியாணம் முடித்துத் திருகோணமலை நகரத்தை ஒட்டிய பாலையூற்றில் வீடு கட்டிக் குடியேறிய பிறகும் அது குறையவில்லை.

பல்கீஸின் வெற்றிலைக்குத் தனி ஒழுங்கு உண்டு. பாக்கு, சுண்ணாம்பு, யாழ்ப்பாணத்துப் புகையிலை எல்லாம் சேர்த்து மடித்து இடது கன்னத்துக்குள் ஒதுக்கிவிடுவாள். அது அங்கேயே கிடக்கும். தொழுகைக்கு வாய் கொப்பளிப்பாள். நித்திரைக்குச் சிலவேளை அதோடுதான் போவாள். புருசன் முஹம்மது தம்பி சந்தைக்குப் போனால் அரிசியை மறந்துவிட்டு வரலாம், புகையிலையை மறக்க முடியாது. ஒருமுறை மறந்துவிட்டு வந்து அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

அந்தக் கன்னத்துக்குள் ஒரு வெள்ளைத் தழும்பு வந்து குந்திக்கொண்டது. முதலில் நாக்குத்தான் அதைக் கண்டுபிடித்தது. சொரசொரப்பாக, ஒரு புளியங்கொட்டை அகலத்தில் இருந்தது. உறைப்புப் பட்டால் எரிந்தது. சுண்ணாம்பு சுட்டுவிட்டது என்று பல்கீஸ் தனக்குத்தானே மருத்துவம் சொல்லிக்கொண்டு, கறிக்குத் தேங்காய்ப்பால் கூட விட ஆரம்பித்தாள். சுண்ணாம்பு சுட்டால் ஒரு கிழமையில் ஆறிவிடும், ஒரு வருடம் கிடக்காது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அவளுக்குப் பயம், அவ்வளவுதான். 'ஒளிக்காமக் காட்டு புள்ள' என்று ஊர்ப் பெண்களையெல்லாம் அதட்டுகிறவள், தன் வாயைத் தன் வீட்டுக் கண்ணாடியில்கூடப் பார்க்கவில்லை.

இப்படியிருக்க, எண்பதாம் ஆண்டு நோன்புப் பெருநாள் முடிந்த அடுத்த திங்கட்கிழமை, மாவட்டத்து மருத்துவமாதர்களும் சுகாதாரப் பரிசோதகர்களும் திருகோணமலை நகரத்தில் ஐந்து நாள் வகுப்புக்கு வரவேண்டும் என்று அறிவித்தல் வந்தது. சாப்பாடு, பழக்கவழக்கம், புற்றுநோய் வராமல் தடுத்தல் என்று விசயம் போட்டிருந்தது. தினமும் பாதையும் பஸ்ஸுமாக அலைய ஏலாது என்று, பல்கீஸ் அந்தக் கிழமை புஸ்பராணி வீட்டில் தங்குவதாக முடிவாயிற்று.

படிப்பிக்க வந்த டொக்டர் வீரசிங்கம் ஒல்லியான இளைஞர். சொல்வதைத் தானே நம்புகிற மனிதர். அப்படிப்பட்டவர்கள் முன்னால் கொட்டாவி விடுவது கஷ்டம். முருங்கையிலை, வல்லாரை, பப்பாசி, கொய்யா, இதெல்லாம் தினமும் சாப்பிட வேண்டும் என்றார். கருகப் பொரித்ததையும் உப்புக் கருவாட்டையும் குறைக்க வேண்டும் என்றார். சுருட்டையும் புகையிலை போட்ட வெற்றிலையையும் விடவே வேண்டும் என்றார்.

"நீங்கள் விட்டால்தான் சனம் விடும்" என்று முடித்தார்.

எல்லோரும் அதைப் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்கள். பரிசோதகர் ஸஹாப்தீன் அடிக்கோடும் போட்டுவிட்டு, இடைவேளையில் சைக்கிள் நிறுத்துகிற பக்கம் போய்ச் சுருட்டைப் பற்றவைத்தார். அங்கே அவர் தனியாக நிற்கவில்லை.

பிறகு சுவரில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினார்கள். ஒரு மனிதக் கன்னத்தின் உட்புறம் சுளகளவுக்கு விரிந்து நின்றது. நடுவில் வெள்ளைத் தழும்பு.

"இது இன்னும் கான்சர் இல்லை" என்றார் டொக்டர். "கவனிக்காமல் விட்டால் ஆகலாம். இந்தக் கட்டத்தில கண்டுபிடிச்சால் ஆளைக் காப்பாத்தலாம்."

பல்கீஸின் நாக்கு தானாக இடது கன்னத்துக்குப் போனது. 'காப்பாத்தலாம்' என்ற சொல் அவள் காதில் விழவேயில்லை.

"சனத்தின்ர வாயைப் பார்க்க முதல் உங்கட வாயளைப் பாருங்கோ. ரெண்டு ரெண்டு பேராப் பிரியுங்கோ."

புஸ்பராணி டோர்ச்சும் சின்னக் கண்ணாடியுமாக வந்து எதிர்க் கதிரையில் உட்கார்ந்தாள்.

"திற பாப்பம்."

"நான் நோன்பு" என்றாள் பல்கீஸ்.

யோசித்துச் சொன்னதல்ல, வந்துவிட்டது. பெருநாளுக்குப் பிறகு அந்த மாதத்தில் ஆறு நோன்பு பிடிக்கிற வழக்கம் ஒன்று உண்டு. பிடித்தால் நன்மை, பிடிக்காவிட்டால் குற்றமில்லை. பல்கீஸ் அதைப் பிடித்து வருடக்கணக்காகிறது. அன்று காலையிலும் வீட்டில் இடியப்பமும் சொதியும் வயிறு நிறையச் சாப்பிட்டு, அதற்குமேல் வெற்றிலையும் போட்டுக்கொண்டுதான் பாதை ஏறினாள்.

டொக்டர் பண்பான மனிதர், மருத்துவமாதர்களை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்.

"அப்ப மிஸ்ஸியைக் கரைச்சல் படுத்தாதேங்கோ. மிஸ்ஸி, நீங்கள் மற்றவையின்ர வாயைப் பாருங்கோ."

மத்தியானச் சாப்பாடு வந்தது. பொரித்த கருவாடு, பொரித்த கத்தரிக்காய், பொரித்த அப்பளம். இலை என்று அதில் இருந்தது சுற்றிவந்த வாழையிலை மட்டும்தான். டொக்டர் அதைப் பார்த்தார், பிறகு அவரும் சாப்பிட்டார். பல்கீஸ் கருவாட்டு வாசத்தில் யன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். மற்றப் பொய்கள் வேறு. நோன்பின் பேரில் சொன்ன பொய்க்கு மேலே கேள்வி உண்டு என்று நினைத்து அவளுக்கு உடம்பு கூசியது. மிச்ச நாட்களாவது அதை மெய்யாக்கிவிடுவது என்று தீர்மானித்தாள். வகுப்பு ஐந்து நாள், நோன்பு ஆறு. இவ்வளவு தோதாக ஒரு நோன்பு இதற்குமுன் யாருக்கும் அமைந்திருக்காது.

அடுத்த நாள் கிழக்கு வெளுக்க முன்பே புஸ்பராணி எழும்பிக் குசினியில் சோறு சூடாக்கிக்கொண்டிருந்தாள். தன் வீட்டுப் படத்துக்கு விளக்கு வைக்கக்கூட அவ்வளவு வெள்ளென எழும்பாதவள். மீன் குழம்பைச் சட்டியோடு கொண்டுவந்து வைத்து, "வடிவாச் சாப்பிடு, பின்னேரம் மட்டும் தாங்கவேணும்" என்றாள். பல்கீஸ் சாப்பிட்டுவிட்டு, நோன்பு பிடிப்பதாக மனதில் நிய்யத்து வைத்து அன்று உண்மையாகவே பிடித்தாள், அடுத்த நாளும் பிடித்தாள்.

வகுப்பில் பெண்கள் பக்கத்து வாய்களையெல்லாம் அவள்தான் பார்த்தாள். வெட்கப்படுகிறவர்களைக் கதை கொடுத்துத் திறக்க வைக்க அவளுக்கா தெரியாது? டொக்டர் மெச்சினார். அவள் டோர்ச்சை அடித்து அடித்துத் தேடியது எதை என்று அவருக்குத் தெரியாது. தன்னுடையதைப் போல இன்னொன்று அகப்பட வேண்டும், அதை டொக்டர் பார்த்து 'இது ஒண்டுமில்லை' என்று சிரிக்க வேண்டும். கறை பிடித்த பற்கள் கண்டாள், சூத்தைப் பல் கண்டாள். தழும்பு ஒருவருக்கும் இல்லை. அவள் தனித்துப்போய்விட்டாள்.

மாலையில் நோன்பு துறந்தபின் கை வெற்றிலைப் பைக்குப் போகும். சுவரில் கண்ட கன்னம் நினைவுக்கு வரும். கை திரும்பி வந்துவிடும். புஸ்பராணி எதிரே இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் ஸஹாப்தீன் தொழுகை முடித்துப் பள்ளிவாசலிலிருந்து வந்தார். முகத்தில் ஒரு பெரிய காரியத்தை முடித்த களை.

"ராத்தா, உங்கட பிரச்சினைக்கு முடிவு கொண்டு வந்திரிக்கன். வாய்க்குள்ள கண்ணாடி வெச்சா நோன்பு முறியுமாண்டு மௌலவிக்கிட்டக் கேட்டன். தொண்டைக்குள்ள ஒண்டும் போகாட்டி முறியாதாம்."

"அந்தக் கண்ணாடியை விழுங்கிற எண்ணம் மிஸ்ஸிக்கு இருக்காது" என்று யாரோ சொல்ல, வகுப்பே சிரித்தது. டொக்டரும் சிரித்துவிட்டார்.

பல்கீஸ் கடைசியாக ஒரு வழி தேடினாள்.

"ஆம்பிளையள்ற முன்னால வாயைத் திறக்கேலா தம்பி."

"அதுக்கென்ன, உள்ளுக்கு வா" என்று புஸ்பராணி அவளுடைய கையைப் பிடித்துச் சாமான் அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். அங்கே வெறும் பெட்டிகளும் இரண்டு கதிரைகளும்தான். இனிச் சொல்வதற்குப் பொய் ஒன்றும் மிஞ்சவில்லை. பல்கீஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள். டோர்ச் வெளிச்சம் கன்னத்தில் நின்றது, ஆடியது, மறுபடி நின்றது. புஸ்பராணி கதவைத் திறந்து டொக்டரைக் கூப்பிட்டாள்.

டொக்டர் வடிவாகப் பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார்.

"கான்சர் மாதிரித் தெரியேல்லை, ஆனால் நான் சொல்லிறது காணாது. கொழும்பில அந்தத் தோலில ஒரு துண்டு எடுத்துப் பார்க்கவேணும். புகையிலையை இண்டைக்கே விடுங்கோ மிஸ்ஸி."

"விட்டுட்டன் டொக்டர்" என்றாள் அவள். அந்தக் கிழமை அவள் சொன்னவற்றில் டொக்டர் நம்பாதது அது ஒன்றுதான்.

கொழும்புக்கு முஹம்மது தம்பி கூடப் போனார். சந்தையிலிருந்து அத்தனை புகையிலையையும் சுமந்து வந்தது தன் கை என்று வழியெல்லாம் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். முடிவு வரக் காத்திருந்த கிழமைகளில் பல்கீஸ் மிச்ச நோன்புகளையும் பிடித்து முடித்தாள். கிண்ணியாவிலோ பெரிய குழப்பம். வட்டாவைத் தொடாமல் தள்ளிவைத்தால் அந்த வீட்டோடு கோபம் என்று பொருள். ராத்தா வீடு வீடாகக் கோபித்துக்கொண்டு திரிகிறாள் என்று கதை பரவியது. நாலைந்து வீட்டில் மன்னிப்பே கேட்டுவிட்டார்கள், எதற்கு என்று தெரியாமலே. கடைசியில் அவள் டோர்ச்சை அவர்கள் கையில் கொடுத்து, "கோவமில்ல புள்ள, இதைப் பார்" என்று வாயைத் திறந்து காட்ட ஆரம்பித்தாள். பார்த்தவர்கள் வட்டாவைத் தாங்களே உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். சிலர் மறுநாள் திரும்பவும் எடுத்தார்கள், சிலர் எடுக்கவில்லை.

முடிவை டொக்டர் வீரசிங்கம் நேரில் கூப்பிட்டுச் சொன்னார். கான்சர் இல்லை. புகையிலை தொடாவிட்டால் தழும்பு மங்கும். இடைக்கிடை வந்து காட்டவேண்டும். பல்கீஸ் அங்கிருந்து வீட்டுக்குப் போகவில்லை, நேரே பாலையூற்றுக்குப் போனாள். புஸ்பராணி குசினிக்குப் பின்னால் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். செய்தியைக் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு மறுபடி எடுத்தாள்.

"புஸ்பம், ஒண்டு சொல்லோணும். அந்தத் திங்கக்கிழமை நான் நோன்பில்ல. பொய் சொன்னனான்."

"தெரியும்."

"என்னெண்டு தெரியும்?"

"வகுப்புக்கு முன்னம் பஸ் ஸ்ராண்டில என்ர பக்கத்தில இருந்துதானே தேத்தண்ணி குடிச்சனீ. வடையும் திண்டனீ."

பல்கீஸுக்கு அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"தெரிஞ்சுகொண்டா விடியக்காத்தால எழும்பிச் சோறு சூடாக்கித் தந்தாய்?"

"பிறகு பிடிச்சது உண்மையான நோன்புதானே. வெறும் வயித்தோட விடுறதே?" புஸ்பராணி மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள். "ஸஹாப்தீனையும் நான்தான் மௌலவியிட்ட அனுப்பினனான்."

"நீயா?"

"நோன்பு துறந்துபோட்டு வெத்திலைப் பை திறக்காத பல்கீஸை நான் எப்ப கண்டனான்? அதோட எனக்கு விளங்கிட்டுது. நான் கேட்டால் இன்னொரு பொய் சொல்லுவாய். பள்ளிவாசலில இருந்து வந்தால் உன்னால ஒண்டும் சொல்ல ஏலாது."

பல்கீஸுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அவ்வளவு பேருக்கும் முன்னால என்னைச் சிரிப்புக்கு இடமாக்கினாய்."

"ஓம், சிரிச்சவை" என்றாள் புஸ்பராணி. "நீ இருக்கிறாய்."

பல்கீஸ் சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அந்த ஒரு வருடத்தில் பயத்துக்குக்கூட அவள் அழுததில்லை. புஸ்பராணி மீன் கையைக் கழுவிவிட்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.