மதினியின் டம்ளர்

என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதான பிறகு, ஒரு நாளைக்கு எண்ணூறு மில்லிக்கு மேல் தண்ணீர் உள்ளே போகக் கூடாது என்றார் டாக்டர். காபி, ரசம், மோர் எல்லாம் அதில் சேர்த்தி. மில்லியை வைத்துக்கொண்டு அடுப்படியில் நான் என்ன செய்ய? இருமல் மருந்து மூடியால் ஊற்றி ஊற்றி அளந்தேன். எங்கள் விளாங்குடி வீட்டு டம்ளர் இருநூறு பிடித்தது. அப்பாடா, நாலு டம்ளர்! சித்திரை வெயிலில் அவர் உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு என்னைப் பார்ப்பார். பாவி மனசு அடித்துக்கொள்ளும். ஆனாலும் கொடுக்க மாட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பரவையில் இருக்கும் அவர் அக்கா, என் மதினி வீட்டுக்குப் போய்விட்டு வந்தவருக்கு, படுத்தால் மூச்சு விட முடியவில்லை. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். தகவல் கேட்டு மதினியும் பதறிக்கொண்டு வந்தார்.

"என்னத்தைக் குடுத்தீக மதினி?"

"நீ சொன்ன நாலு டம்ளர்தான் ஆத்தா. அதுக்கு மேல ஒரு சொட்டு குடுக்கலையே!"

அப்போதுதான் அந்த வீட்டு டம்ளர் ஞாபகம் வந்தது. வயலில் வேலை செய்துவிட்டு வந்து நீராகாரம் குடிக்கிற டம்ளர். ஒன்றுக்கே அரை லிட்டர் பிடிக்கும்.

"அம்புட்டுப் பெரிய டம்ளர்லயா நாலு? தம்பியக் கொல்லப் பாத்தீகளா?" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன்.

டயாலிசிஸ் செய்து பிழைக்க வைத்தார்கள். அவர் கண் திறந்ததும் மதினி நேரே டாக்டரிடம் போய் நின்றார். "எனக்குத்தான் ரெண்டு இருக்குல்ல சார். ஒண்ணு அவனுக்குப் பொருந்துமான்னு பாருங்க."

பொருந்தியது. தெய்வமே, பொருந்தியது!

ஆபரேஷன் முடிந்து தேறியதும் அதே டாக்டர், "இனி தினமும் மூணு லிட்டர் குடிக்கணும்" என்றார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். எங்கள் டம்ளரில் பதினைந்து.

"யாத்தே, பதினஞ்சா?" முகத்தைச் சுளித்தார், ஒரு மடக்குக்குக் கெஞ்சிய மனுஷன்.

அடுத்த முறை வந்த மதினி, மஞ்சப்பையிலிருந்து அந்தப் பெரிய டம்ளரை எடுத்து மேசையில் வைத்தார். "இதுல ஆறுதான்டா தம்பி."

மதினி கையைப் பிடித்துக்கொண்டு விம்மினேன்.

"அழுகைய நிப்பாட்டிட்டு மொத டம்ளர ஊத்து ஆத்தா," என்றார் மதினி. "அவன் வயிறார குடிக்கிறத நான் பாக்கணும்."