சங்கரலிங்கம், கேட்டை நட்சத்திரம்

என் கணவருடைய பேச்சு போன வருடம் ஆவணி மாதம் மூன்றாவது திங்கட்கிழமை காலையில் நின்றுபோனது. காப்பி டம்ளரை நீட்டினேன். வாங்க வந்த வலது கை பாதியில் விழுந்தது. "என்ன அத்தான்?" என்றேன். வாய் ஒரு பக்கமாக இழுத்தது. சத்தம் வந்தது. சொல் வரவில்லை.

செந்திலாண்டவன் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தான். புரட்டாசி பிறந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தோம். கையும் காலும் மெல்லத் தேறின. பேச்சு மட்டும் வரவில்லை. பாளையங்கோட்டையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் தெளிவாகச் சொன்னாள்: "படத்தைக் காட்டுங்கம்மா. அவரே சொல்லுத வரைக்கும் காத்திருங்க. நீங்க முந்திக்கிட்டுச் சொல்லிராதீங்க. நீங்க எரிச்சலாயிட்டா அவருக்குத் தெரிஞ்சிரும், வாயை மூடிக்கிடுவாரு. இந்த மொத வருசத்தை விட்றாதீங்க."

நான் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பக்கவாதம் பற்றிக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டேன். ஆனால் ஒரு மனிதன் "தண்ணி" என்று சொல்ல முயல்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதற்கு எவ்வளவு தெம்பு வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்தத் தெம்பு என்னிடம் இல்லை. அதை முழுவதும் சங்கரலிங்கம் எடுத்துக்கொண்டிருந்தான்.

சங்கரலிங்கம் என் கணவருக்குச் சித்தப்பா மகன். டவுணில் எங்கள் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்து. நாங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் அந்தச் சந்தைக் கல்லும் மண்ணும் கொட்டி உயர்த்தி, சிமெண்ட் பூசி, சரிவை எங்கள் வாசலைப் பார்த்து வைத்துவிட்டான். ஐப்பசி மழை நேராக எங்கள் முன்னறைக்குள் வந்தது. மழை இல்லாத நாளில் அவன் வீட்டுத் துணி துவைத்த தண்ணீர் வந்தது. அவனை 'அவன்' என்று எழுதுவது மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்கள் ஒரு நாள் வந்து எங்கள் முன்னறையைத் துடைத்துப் பார்க்கட்டும்.

கேட்கப் போனேன்.

"தண்ணி பள்ளத்தப் பாத்துத்தான் மைனி ஓடும். ஒங்க வீட்டை ஒசத்திக் கெட்டுங்க."

"ஒங்க அண்ணன் இப்படிக் கெடக்கையில செய்யுத வேலையா இது? அவுக பேச முடியாம இருக்காகன்னுதானே செஞ்சே?"

சிரித்தான். "அண்ணன் பேசாட்டா என்ன? அதான் ரெண்டு ஆளுக்கும் சேத்து நீங்களே பேசுதீயளே."

அந்த ஒரு வாக்கியம் என் தலைக்குள் குடியேறிவிட்டது. காலையில் கண் விழிக்கும்போது அதுதான் முதலில் விழிக்கும். பல் துலக்கும்போது அதற்குப் பதில் யோசிப்பேன். அரிசி களையும்போது அதைவிடக் கூர்மையான பதில் கிடைக்கும். எனக்குத் தேதிகள் மறப்பதில்லை. உறவில் யாருக்குக் கல்யாணம் எந்த மாதம், யாருக்கு என்ன நட்சத்திரம் என்று எல்லாரும் என்னைத்தான் கேட்பார்கள். அந்த ஞாபகசக்தி முழுவதும் இப்போது அவன் குற்றப்பட்டியலுக்குப் போனது. என்றோ ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் அவன் பேசியது வரை கிழமையோடு எடுத்து வைத்து வழக்காடினேன். நீதிபதி, வக்கீல், சாட்சி எல்லாம் நானே. தினமும் ஜெயித்தேன். ஜெயித்து முடித்து அத்தான் பக்கத்தில் உட்காரும்போது, நெல் மூட்டை சுமந்தவள் மாதிரி இருப்பேன்.

பசு மாட்டுப் படத்தைக் காட்டுவேன். அவர் "ம... ம..." என்பார். "மாடு! மாடு அத்தான்!" என்று கத்திவிடுவேன். கார்த்திகை பிறந்தபோது அவர் முயல்வதையே விட்டுவிட்டார். படத்தைக் காட்டினால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் ஒரு சூரியகாந்திப் பூ வரும். இன்றைய நாளைப் புன்னகையோடு தொடங்குங்களாம். அதை அனுப்புகிறவர்களுக்கும் மனத்துக்குள் ஒரு வழக்குப் போட்டு வைத்திருந்தேன்.

மகள் பெங்களூரிலிருந்து வந்தாள். அவளை அப்பாவிடம் விட்டுவிட்டு, கார்த்திகை மாதத்து இரண்டாம் செவ்வாயன்று திருச்செந்தூருக்குப் புறப்பட்டேன். சத்ரு சம்ஹார அர்ச்சனை செய்வதாக முடிவு. அதற்கு முன் அந்த அர்ச்சனையை நான் செய்ததில்லை. பஸ் திருச்செந்தூர் போய்ச் சேரும்வரை ஒரே வேண்டுதல்தான்: முருகா, அவன் வாயை அடை.

சன்னதியில் நல்ல கூட்டம். அர்ச்சகர் கேட்டார்: "பேரு? நட்சத்திரம்?"

நான் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "சங்கரலிங்கம். கேட்டை நட்சத்திரம்."

புகார் கொடுக்கும்போது எதிரியின் பெயரைத்தானே கொடுப்போம். அப்படித்தான் நினைத்தேன். அர்ச்சகர் கணீரென்று சொல்லிக்கொண்டு போனார். சங்கரலிங்கத்தின் எதிரிகள் அழிய வேண்டும். அவன் குடும்பத்துக்கு க்ஷேமம், தைரியம், ஆயுள், ஆரோக்கியம். நான் குறுக்கே கத்தினேன்.

"சாமி, அந்த ஆளுதான் சத்ரு! எம் பேருக்குப் பண்ணணும்!"

அவர் கை நின்றது. என்னைப் பார்த்தார். "அதை மொதல்லேயே சொல்லப்படாதாம்மா? ஸ்வாமி கேட்டுண்டுட்டார். திருப்பி வாங்க முடியாது." பன்னீர் இலையில் விபூதியை வைத்துக் கையில் கொடுத்தார். "அந்த சங்கரலிங்கத்தோட பிரசாதம் இது. கொண்டுபோய்ச் சேத்துடுங்கோ." பின்னால் நின்ற பெண் என்னைத் தள்ளினாள். "நவுருங்கக்கா, ஒங்க சத்ருவ வெளிய போயிப் பாத்துக்கிடுங்க."

திரும்பும் பஸ்ஸில் மடியில் அந்த இலை விபூதி. நானே பூசிக்கொண்டால் அவன் பிரசாதத்தைத் திருடியதாகும். தூர எறிய மனம் துணியாது. அவன் எதிரி அழிய வேண்டும் என்று ஆறுமுகனிடம் நானே விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன், அந்த எதிரி நானேதான் என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது. அடக்க அடக்க வந்தது. கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். ஸ்ரீவைகுண்டத்தில் ஆறு தெரிந்தபோதுதான் கவனித்தேன்: ஏறியதிலிருந்து அவனோடு ஒரு வாக்குவாதம்கூட நடக்கவில்லை. தலை காலியாக இருந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு எனக்குப் பசித்தது.

வீட்டுக்கு வந்து அத்தானிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் சுவரிலிருந்து திரும்பியது. தோள் குலுங்கியது. சத்தம் போட்டுச் சிரித்தார். ஆவணிக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. மகள் அடுக்களையிலிருந்து ஓடி வந்து அழுதாள்.

மறுநாள் காலை விபூதியைக் கொண்டுபோனேன். சங்கரலிங்கம் இரண்டு அடி பின்வாங்கினான்.

"என்னத்தக் கலந்து கொண்டாந்திருக்கீய?"

"செந்தூர் விபூதி. ஒம் பேருக்கு அர்ச்சனை நடந்துச்சு."

"எம் பேருக்கு நீங்க எதுக்குப் பண்ணுதீய? எனக்கு ஏதும் ஆகப்போகுதுன்னு எவனும் சொன்னானா?"

அவன் மனைவி கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். அந்த வாரமே அவன் ஜோசியரிடம் ஓடினான் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அதில் சந்தோஷம் உண்டு, மறைக்கவில்லை. அவன் திருந்தினான் என்று எழுத ஆசைதான். திருந்தவில்லை. சந்து உயர்ந்தபடியேதான் இருக்கிறது. கொத்தனாரை வைத்து எங்கள் வாசலில் ஒரு தடுப்புப்படி கட்டினேன். அதற்கும் சண்டைக்கு வந்தான்.

மாறியது ஒன்றுதான். தினமும் காலையில் விளக்கேற்றி, அன்று சன்னதியில் சொன்ன மாதிரியே ஒரு தடவை சொல்வேன்: சங்கரலிங்கம், கேட்டை நட்சத்திரம், முருகா, இவனை நீயே வைத்துக்கொள். அன்பாகச் சொல்வதில்லை, பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்வேன். பகலில் அவன் தலைக்குள் வந்து நின்றால், "உன்னைக் காலையிலேயே ஒப்படைத்தாயிற்று, அங்கே போ" என்று விரட்டுவேன். முதலில் அடிக்கடி வந்தான். பிறகு குறைந்தது. மிச்சப்பட்ட தெம்பை எடுத்துக்கொண்டு அத்தான் பக்கத்தில் உட்கார்ந்தேன். படத்தைக் காட்டினேன். காத்திருந்தேன். "ம" என்று அவர் நின்றால் நானும் நின்றேன். மார்கழியில் "மாடு" வந்தது. தை மாதத்தில் "காப்பி" வந்தது.

மாசி மகத்துக்கு முந்தின நாள் மாலை, சந்தில் ஒரு வாளித் தண்ணீர் கொட்டும் சத்தம். கூடவே அவன் குரல்: "என்ன மைனி, சத்தத்தையே காணும்? ஒங்களுக்கும் வாய் நின்னுபோச்சா?"

ரத்தம் தலைக்கு ஏறியது. எழுந்தேன். நாற்காலியில் இருந்த அத்தான் இடது கையால் என் முந்தானையைப் பிடித்தார். வாய் கோணியது. நான் முந்திக்கொள்ளவில்லை. நின்றேன்.

"கெ... கெடக்கான் மூதி. நீ காப்பி போடு."

முழு வாக்கியம். திட்டு உட்பட எல்லாம் சரியாக இருந்தது.

அடியார்களே, ஒரு வாயை அடைக்கச் சொல்லித்தான் நான் செந்தூருக்குப் போனேன். முருகன் இன்னொரு வாயைத் திறந்து வைத்தான். உங்களுக்கும் ஒரு சங்கரலிங்கம் இருப்பான். அவனை மன்னியுங்கள் என்று சொல்ல எனக்கு அருகதை இல்லை, நானே மன்னிக்கவில்லை. பெயரையும் நட்சத்திரத்தையும் முருகனிடம் ஒரு தடவை சொல்லுங்கள். பாதத்தில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வாருங்கள். அவன் அங்கே கிடக்கட்டும். வீட்டில் ஒருவர் காப்பிக்குக் காத்திருப்பார்.