விடுலே என்றால் விடு

எங்கள் வீட்டில் 'லே' சேர்க்காமல் ஒரு பேச்சு முடியாது. வாலே, போலே, சாப்பிடுலே, சும்மா இருலே. அப்பா அம்மா இருவருக்கும் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். நானும் தம்பிகள் இரண்டு பேரும் பிறந்து வளர்ந்தது தாராவியில். முறையாகப் பார்த்தால் ஆண்பிள்ளைகளைத்தான் லே போட்டுக் கூப்பிட வேண்டும். பெண்பிள்ளை என்றால் 'ஏட்டி'. ஆனால் நான் பந்து விளையாடிப் பழகியதே சந்துப் பையன்களோடு. அதனால் எனக்கு எல்லாரும் லேதான். பக்கத்து வீட்டு அக்கா, பள்ளிக்கூடத் தோழி, வழியை மறிக்கும் ஆடு, ஒருவரையும் விட்டுவைத்ததில்லை.

"பொம்பளப் பிள்ளையளப் போயி லேங்குதியே, ஒன் நாக்குல என்னட்டி கோளாறு?" என்று அம்மா கத்துவாள். அம்மாவுக்கு முறுக்குக் கம்பெனியில் வேலை. அடுப்பு இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி அவள் சாதாரணமாகப் பேசுவதே நாலு வீட்டுக்குக் கேட்கும். அந்தத் தொண்டை எனக்கும் அப்படியே வாய்த்திருக்கிறது.

அந்தத் தொண்டைதான் என்னைக் கீப்பர் ஆக்கியது. நவி மும்பையில் நெருளில் ஒரு கால்பந்து கிளப்பின் பெண்கள் அகாடமிக்கு ஆள் எடுத்தபோது கோலில் நின்று நான் போட்ட கூச்சலைக் கேட்டு, விளையாட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்துக்கொண்டார்கள். கீப்பருக்குப் பாதி வேலை கத்துவது. முன்னால் நிற்கிற டிஃபெண்டர்கள் பந்தைப் பார்ப்பார்கள்; பின்னால் என்ன நடக்கிறது என்று நான்தான் சொல்ல வேண்டும். பந்து எனக்கு வருகிறது, நீ தொடாதே என்றால் "விடுலே!" என்று கத்துவேன். ஜூனியர் டீமில் இரண்டு பேர் தாராவித் தமிழ்ப் பெண்கள். மற்றவர்களும் என்னோடு விளையாடி விளையாடிப் பழகிவிட்டார்கள். நான் அப்படிக் கத்தினால் எல்லாரும் ஒதுங்கிவிடுவார்கள். ஒரு பிரச்சினையும் இருந்ததில்லை.

பிரச்சினை எனக்குப் பதினெட்டு வயது நெருங்கியபோது வந்தது. அந்த வயதைத் தாண்டினால் அகாடமியில் இடம் கிடையாது. ஒன்று முதல் டீமில் எடுப்பார்கள், இல்லையென்றால் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். கிளப்புக்கு இரண்டு மைதானம். நாங்கள் ஆடிய செம்மண் மைதானம் பள்ளத்தில் இருந்தது. முதல் டீமுக்கு மேட்டில் புல் மைதானம். அதனால் முதல் டீமுக்குப் போவதை எல்லாரும் 'மேலே போவது' என்றுதான் சொல்வோம். என்னை மேலே எடுப்பதற்கான அறிகுறி எதுவும் இல்லை. அங்கே இரண்டு கீப்பர்கள் ஏற்கெனவே கல்லு மாதிரி இருந்தார்கள். அம்மா செம்பூரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிற வேலைக்குச் சொல்லிவைத்துவிட்டாள். எனக்கு அந்தக் கடையை நினைத்தாலே வயிற்றெரிச்சல். துணிக்கடையில் யாரைப் பார்த்துக் கத்துவது?

அந்த நேரம் பார்த்து மேலே ஒரு கீப்பர் விரலை முறித்துக்கொண்டார். அடுத்த மாதமே இன்னொருவருக்கு டெங்கு. ஞாயிற்றுக்கிழமை லீக் ஆட்டம். செவ்வாய்க்கிழமை என்னை மேலே கூப்பிட்டார்கள். அடுத்தவர்கள் நோயில் சந்தோஷப்படுவது பாவம்தான். ஆனாலும் எனக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை.

முதல் டீமின் கேப்டன் ஒரு கோலாப்பூர்க்காரி. என்னைவிட ஒரு தலை உயரம். அவர்தான் எனக்கு நேர் முன்னால் நிற்கும் டிஃபெண்டர். பயிற்சி ஆட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே உயரமாக ஒரு பந்து வந்தது. நான் கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்து, இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்து "விடுலே!" என்றேன். கேப்டன் விடவில்லை. எம்பிக் குதித்துத் தலையால் ஒரு முட்டு முட்டினார். பந்து என் தலைக்கு மேலே போய் எங்கள் வலையிலேயே விழுந்தது.

எனக்கு வந்த கோபத்தில் ஆள் யார், வயதென்ன என்பதெல்லாம் மறந்துபோனது. "விடு விடுன்னு கத்துறேன், காதுல என்ன பஞ்சா?" என்று தமிழிலேயே பாய்ந்தேன். அவரும் சளைக்கவில்லை. "தூச் போலி நா, 'லே'!" என்று பதிலுக்குப் பாய்ந்தார். நீதானே லே என்று சொன்னாய் என்கிறார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தியில் 'லே' என்றால் எடுத்துக்கொள். பம்பாயில் பிறந்து, தெருவெல்லாம் இந்தி பேசித் திரிந்தவள் நான். கடைக்காரரிடம் அந்த லேயை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். ஆனால் என் வாயில் இருக்கும் லேயும் அதுவும் ஒரே சத்தம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. விடு என்று நான் கத்த, வால்பகுதி மட்டும் காதில் விழுந்து எடு என்று அவர் எடுத்திருக்கிறார். விளக்கிச் சொல்லப் பார்த்தேன். யாருக்கும் கேட்கப் பொறுமை இல்லை.

கோச் ஒரு கோவாக்காரம்மா, அதிகம் பேசாதவர். "இனிமேல் இரண்டே வார்த்தை. உனக்குப் பந்து வேண்டுமென்றால் 'கீப்பர்'. அடித்து விரட்ட வேண்டுமென்றால் 'அவே'. வேறு சத்தமே வரக்கூடாது. புரிந்ததா?" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் நாக்கைத் திருத்த வேண்டும். வீட்டில் சொன்னேன். தம்பிகளுக்குக் கொண்டாட்டம். நான் சாப்பிடும்போது பின்னாலிருந்து சுருட்டிய துணியை எறிவார்கள். நான் "கீப்பர்!" என்று கத்திப் பிடிக்க வேண்டும். இரண்டு தடவை சாம்பாரில் பிடித்தேன். காலையில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் பக்கத்து வீட்டு அக்கா எங்கள் குடத்தை நகர்த்தப் போக, என்னையறியாமல் "அவே!" என்று ஒரு கத்து. அவர் பயந்துபோய்த் தன் குடத்தையும் கீழே போட்டுவிட்டார்.

"ஏட்டி, ஒனக்கு என்ன பேய் பிடிச்சிருக்கா?"

"கீப்பருக்குப் பயிற்சி எடுக்கேன்க்கா."

"எந்தக் கட்டடத்துக்கு?" என்றார் அவர், வாட்ச்மேன் வேலை என்று நினைத்துக்கொண்டு.

அப்பா தோல்பை தைப்பவர். எதையும் சிரிக்காமல் சொல்வார். "லேய விட்டுட்டா இவ கிட்ட என்ன மிஞ்சும்? கையும் காலுந்தான் மிஞ்சும்" என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. அவர் சொன்னது சரி என்பதால் கூடுதல் எரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் அந்தேரியில். குடும்பமே வந்து உட்கார்ந்திருந்தது. அம்மா லீவு போட்டுவிட்டு, நல்ல சேலை கட்டி, ஏதோ கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி வந்திருந்தாள். ஆட்டம் தொடங்கியது. பந்து வரும். வாயில் 'விடுலே' ஓடி வந்து நிற்கும். அதைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டு 'கீப்பர்' என்ற வார்த்தையைத் தேடுவதற்குள் பந்து போய்விடும். ஒன்றிரண்டு தடவை அப்படி ஆனதும் எதற்கு வம்பு என்று வாயையே மூடிக்கொண்டேன். அதுதான் வினையாகிப்போனது. ஓரத்திலிருந்து ஒரு பந்து உயர்ந்து வந்தது. நான் சத்தமில்லாமல் ஓடிவர, கேப்டனும் பாய, இரண்டு பேரும் மோதி விழுந்தோம். எதிரணிக்காரி ஆளில்லாத கோலில் பந்தைத் தட்டிவிட்டுப் போனாள். கேப்டனுக்கு உதடு கிழிந்து ரத்தம்.

அப்போது மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு குரல்.

"வாயத் தொறட்டி! வீட்டுல மட்டும் அந்தக் கத்து கத்துத, இங்க என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?"

அம்மாதான். ரெஃப்ரீகூடத் திரும்பிப் பார்த்தார். எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது.

இடைவேளையில் கேப்டன் உதட்டில் ஐஸை அழுத்திக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். "முஹ் கோல்! குச் பி போல், பர் போல்!" வாயைத் திற, எதையாவது சொல், ஆனால் சொல் என்றார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கத்தினால் கத்தாதே என்கிறீர்கள், வாயை மூடினால் திற என்கிறீர்கள், நான் என்ன ரேடியோவா என்று இந்தியில் கொட்டித் தீர்த்தேன். எங்கள் பேச்சில் லே என்றால் எடு என்று அர்த்தமே கிடையாது என்றேன்.

"பின்னே என்ன அர்த்தம்?"

"ஒரு அர்த்தமும் இல்லை. சும்மா கூப்பிடுவது. நம்ம ஆள் என்றால் லே போடுவோம்."

"அர்த்தமே இல்லையென்றால் எதற்குச் சொல்கிறாய்?"

யோசித்துப் பார்த்தேன். "சொல்லாமல் இருக்க முடியவில்லை" என்றேன். அழுகை வந்துவிட்டது. யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள், உதட்டைப் பிடித்துக்கொண்டு கேப்டனும். பிறகு அவர் டிஃபெண்டர்களை வரிசையாக நிறுத்தினார். "கேட்டுக்கொள்ளுங்கள். முன்னாலிருந்து லே என்று கேட்டால் எடு. பின்னாலிருந்து லே என்று கேட்டால் விடு. அவ்வளவுதான்." கோச் இரண்டு கையையும் விரித்து, எப்படியோ போங்கள் என்பது போல வெளியே நடந்தார்.

இரண்டாவது பாதியில் நான் கத்தின கத்தை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. இடது பக்கம் போலே, அவளைப் பிடிலே, தூங்காதலே, நல்லா அடிச்சலே! பாதிக்கு மேல் யாருக்கும் புரிந்திருக்காது. ஆனால் நான் அங்கே இருக்கிறேன் என்பது எல்லாருக்கும் புரிந்தது. முன்னால் ஆடியவர்கள் ஒரு கோல் அடித்துச் சமன் செய்தார்கள். கடைசி நேரத்தில் எதிரணி உயரமாக ஒரு பந்தைத் தூக்கிப் போட்டது. கேப்டனும் அவர்களுடைய ஆட்டக்காரியும் ஒன்றாக எம்பப் போனார்கள். "விடுலே!" என்றேன். கேப்டன் அப்படியே தலையைத் தாழ்த்திக் குனிந்தார். அவர் தலைக்கு மேலே கை நீட்டிப் பந்தைப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தேன். எழுந்திருக்கவே மனமில்லை. அவ்வளவு ஆனந்தம்.

ஆட்டம் சமனில் முடிந்தது. கோச் என் தோளைத் தட்டி, வீட்டுக்குப் போய் ஓய்வெடு என்றார். வேறு ஒரு வார்த்தை இல்லை. டெங்கு வந்த கீப்பர் தேறிவிட்டார் என்று திங்கட்கிழமை செய்தி வந்தது. இனி மேலே நான் தேவைப்படமாட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டேன். அம்மா அந்தத் துணிக்கடைப் பேச்சை எடுக்கவில்லை. எடுக்காமல் இருந்ததே எனக்குப் பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை வழக்கம்போல் சயானில் ரயில் ஏறி, குர்லாவில் மாறி, நெருளில் இறங்கிப் பள்ளத்து மைதானத்துக்குப் போனேன். குனிந்து ஷூ கட்டிக்கொண்டிருந்தபோது ஜூனியர் கோச் வந்து நின்றார்.

"தூ இதர் க்யா கர் ரஹி ஹை? சல், நிகல்." உனக்கு இங்கே என்ன வேலை, கிளம்பு என்கிறார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் பிறந்தநாள் இன்னும் வரவில்லை, அதுவரைக்கும் என்னை ஒருத்தரும் வெளியே அனுப்ப முடியாது, ஒரு டிரா ஆனதற்கு இப்படியா என்று கத்த ஆரம்பித்தேன். அவர் என் பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். நான் பின்னாலேயே ஓடி, பையின் வாரைப் பிடித்து இழுத்து, இந்தியிலும் தமிழிலும் மாற்றி மாற்றித் திட்டிக்கொண்டே போனேன். அவர் மேடேறி, புல் மைதானத்தின் கேட்டைத் திறந்து, பையை உள்ளே வைத்தார்.

"இனிமேல் உனக்குப் பயிற்சி இங்கேதான், பைத்தியமே. யாரும் சொல்லவில்லையா?"

யாரும் சொல்லவில்லை. கேப்டன் சொல்லியிருப்பார் என்று கோச்சும், கோச் சொல்லியிருப்பார் என்று கேப்டனும் இருந்திருக்கிறார்கள். உள்ளே நின்ற மொத்த டீமும் என்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தது.

நான் கேட்டுக்கு வெளியே வந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். அவள் வேலையில் இருந்தாள். பேச வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது.

"ஏன்ட்டி அழுத? வெளிய போகச் சொல்லிட்டாவளா? எவன் சொன்னான்? போன அவங்கிட்டக் குடு. ஞாயித்துக்கெழம நான் கண்ணால பாத்தேன், எம்பிள்ள எப்படிப் பிடிச்சான்னு. குடு போன! நாசமாப் போவான்..."

"அம்மா, என்னையச் சொல்ல விடு."

"நீ அழாத. அழாம வீட்டுக்கு வா. கடையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், வேற கிளப்பு பாப்போம்."

"அம்மா, என்னைய மேல எடுத்துட்டாவ."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அம்மா பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"என்ன சொன்ன? கேக்கல. இன்னொருக்கச் சொல்லு."

அவளுக்கு முதல் தடவையே கேட்டுவிட்டது. எனக்குத் தெரியும். ஆனாலும் சொன்னேன்.

"இன்னும் சத்தமாச் சொல்லுட்டி. இங்க வேல பாக்குறவளுவ எல்லாருக்கும் கேக்கட்டும்" என்றாள். நான் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்று, கத்திச் சொன்னேன்.